அடையாளத்துக்கு வைத்த கல்

கல்லின் மேல் கல்லை நிறுத்தப் பலம் வேண்டாம், பசை வேண்டாம். மேலே வைக்கிற கல்லின் அடியில் மூன்று சின்ன மேடுகள் இருந்தால் போதும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். கீழ்க்கல்லில் அந்த மூன்றும் போய் உட்காருகிற இடம் ஒன்று எங்கேயோ இருக்கும். அதைத் தேடி மயிரிழை மயிரிழையாகக் கல்லை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கிடைத்துவிட்டால் கையிலிருந்த கனம் சட்டென்று இல்லாமல் போகும். அப்போது விரலை எடுக்கலாம். தேங்காய் அளவு கல், கூர்முனை கீழே இருக்க, நெட்டுக்குத்தாக நிற்கும். பார்க்கிறவர்கள் நடுவில் கம்பி இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள்.

காலேஜ் கடைசி வருஷத்தில் போனில் ஒரு வீடியோ பார்த்து இதைத் தொடங்கினேன். எனக்கு எதுவும் சீக்கிரம் பிடிக்கும், அதே வேகத்தில் விட்டும் போகும். கிதார் வாங்கி இரண்டு பாட்டோடு நிறுத்தினேன். ஜப்பானிய எழுத்து படிக்கிறேன் என்று வீட்டுச் சுவரெல்லாம் காகிதம் ஒட்டினேன். கல் மட்டும் நின்றுவிட்டது. படிப்பு முடிந்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் லீவு நாள் விடிந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு ஓரிக்கைக்குப் போய் ஆற்றில் இறங்கிவிடுவேன்.

பாலாற்றில் ஏது கல் என்று கேட்பார்கள். மணலை அள்ளிப் போன இடங்களில் அடியிலிருந்த கூழாங்கற்கள் வெளியே வந்து கிடக்கின்றன. கரை சரியாமல் இருக்கப் பதித்த கருங்கல்லும் வெள்ளம் வந்த வருஷம் பெயர்ந்துபோய் ஆற்றுக்குள் சிதறியிருக்கிறது. உருண்டையும் இருக்கிறது, பட்டையும் இருக்கிறது. எனக்கு அது போதும்.

அக்கா இதை ஒருநாளும் மதித்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, காஞ்சிபுரத்தில் அதே பிள்ளையார்பாளையத்தில்தான் அவளைக் கொடுத்திருந்தது. மாமா பட்டுத்தறி நெய்கிறவர், அதிகம் பேசாதவர். வாடகை வீடு. முன்னறையைத் தறி எடுத்துக்கொள்ள, மிச்ச இடத்தில் அவர்கள் இருந்தார்கள். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து அக்கா உண்டானாள். ஐந்தாம் மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, சுவரையே பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, உன் கல்லையாவது காட்டு என்றாள்.

அம்மா வாசல் வரைக்கும் வந்தாள். "பள்ளம் மேடு பாத்து ஓட்டுடா. ரெண்டு உசுரு வருது உன்கூட."

"அவன் என்னிக்குமா ரோட்டப் பாத்து ஓட்டியிருக்கான்?" என்று அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

ஆற்றில் இறங்கி, கரையோரக் கருங்கல் ஒன்றில் அவளை உட்காரவைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். மூன்றாவது கல் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

"இதுக்குத்தான் வாராவாரம் பெட்ரோல ஊத்திக்கினு வரியா?"

"பேசாதக்கா. மூச்சு கூட விடாத."

"நான் விடலனா உள்ள இருக்கறதுக்கு யாருடா விடுவாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல் விழுந்தது. அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எழுந்து வந்து, தள்ளு நான் பார்க்கிறேன் என்று என் எதிரில் மணலில் உட்கார்ந்தாள். அறுந்த பட்டிழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்கள் அவளுடையவை. நான் ஒரு மாதம் திணறிக் கற்றதை அந்த விரல்கள் அரை மணியில் பிடித்துக்கொண்டன. இரண்டு கல்லை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்தியா, வீடு கட்டிட்டேன்."

"வீடு இல்லக்கா. இது பேலன்ஸ்."

"கல்லு மேல கல்லு வெச்சா வீடுதான்டா. எந்த மலைக்கோயிலுக்கு வேணா போய்ப் பாரு."

அவள் சொன்னது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மலைமேல் இருக்கிற கோயில்களுக்குப் போனால் படிக்கட்டு ஓரம் முழுக்கச் சின்னச் சின்னக் கல் அடுக்குகள் இருக்கும். சொந்த வீடு வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அடுக்கி வைக்கிறார்கள். மாடி வேண்டுமானால் மேலே இன்னொரு கல். எந்தக் கோயிலுக்குப் போனாலும் அம்மா மூன்று கல் வைக்காமல் இறங்கியதில்லை. நான் அதை வேறு கணக்கில் வைத்திருந்தேன். அவர்கள் கல்லைப் படுக்கவைக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் வைக்கலாம். நான் நிற்கவைக்கிறேன். அந்த வித்தியாசத்தை அக்காவுக்கு அன்றைக்கு விளக்கிச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.

"சரி சரி, உன்து நிக்கும், எங்கள்து படுத்துக்கும்" என்றாள்.

ஏழாம் மாதத்தில் குழந்தை பிறந்துவிட்டது. பெண். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மாமாவும் நானும் ஒருமுறை வெளியிலிருந்து பார்த்தோம். என் உள்ளங்கையை விரித்தால் முதுகு அதில் அடங்கும் என்று தோன்றியது. டாக்டர்கள் செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். மறுநாள் விடிகிற நேரத்தில் மூச்சு நின்றுபோனது. அக்கா அதைக் கையில் வாங்கவேயில்லை. தூக்கக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. அவள் இன்னும் மயக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான்.

பச்சைக்குழந்தையை எரிப்பதில்லை. பாடை கிடையாது, மேளம் கிடையாது. கையில் தூக்கிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு வருவார்கள். பெண்கள் வரமாட்டார்கள். அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக் காரியங்களில் பெரியப்பாதான் முன்னால் நிற்பார். "தாய்மாமன் தூக்கட்டும்" என்றார் அவர். அம்மாவின் பழைய பருத்திப் புடவையில் சுற்றிக் கொடுத்தார்கள். ஆட்டோவில் போகும்போது மடியில் வைக்கலாமா, கையில்தான் வைக்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. கையிலேயே வைத்திருந்தேன். கனமே இல்லை. கல்லைத் தூக்கித் தூக்கிக் கனம் பார்த்துப் பழகிய கை அது. அந்தக் கனமின்மையை என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை.

ஓரிக்கையைத் தாண்டி, நான் கல் அடுக்குகிற இடத்துக்குக் கொஞ்சம் மேற்கே, முள்மரங்களுக்கு நடுவே ஒரு திட்டு. குழி தோண்டுகிறவர் முன்னாலேயே வந்து தோண்டி வைத்திருந்தார். மாமா மணல் போட்டார், பெரியப்பா போட்டார், நான் போட்டேன். மூடிய பிறகு குழி தோண்டியவர் முள்கிளைகளை வெட்டி மேலே பரப்பினார்.

"முள்ளு மேல கல்லு வெய்ங்கப்பா. இல்லனா நாய் கிளறிடும்."

நாங்கள் மூவரும் சுற்றிலும் கிடந்த கற்களைப் பொறுக்கி வந்து குவித்தோம். முழங்கால் உயரத்துக்குக் குவியல் வந்தது.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "போதும். அடையாளம் எதுவும் வேணாம். திரும்பிப் பாக்காம வாங்க. எடம் தெரிஞ்சா பெத்தவ தெனம் வந்து இங்க உக்காந்துக்குவா. அவ எழுந்து நடமாடணும்னா தெரியாம இருக்கறதுதான் நல்லது."

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை அது. அவர் தன் வீட்டிலும் இப்படி ஒன்றைப் பார்த்தவர். அவர்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு நீளக்கல் கிடந்தது, சாம்பல் நிறம், ஒரு முனை கூர்மை. அதை எடுத்தேன். எடுத்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. குவியலின் உச்சியில் பட்டைக்கல் ஒன்றை வைத்து, அதன்மேல் ஒரு உருண்டை, அதன்மேல் இந்த நீளக்கல். என்றைக்கும் இல்லாத மாதிரி ஒரே தடவையில் நின்றது. போனை எடுத்துப் படம் பிடிக்கத் தோன்றவில்லை. ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை எங்கள் வீட்டுக்குத்தான் அழைத்து வந்தோம். பால் கட்டிக்கொண்டது. அம்மா மல்லிகைப்பூவை வைத்து மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். பால் வற்ற அப்படித்தான் செய்வார்கள். வீடு முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மல்லி வாசம். நான் அந்த வாசத்தைத் தாங்க முடியாமல் தெருவில் நின்றுகொண்டிருப்பேன். அக்கா அழவில்லை. மாமா சாயங்காலம் வந்து சுவரோரம் உட்காருவார். அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எங்க வெச்சீங்க?"

"ஆத்துல."

"ஆத்துல எங்க?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளேயிருந்து வந்து, "அதெல்லாம் கேக்கக் கூடாதுமா" என்றாள். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். கொஞ்ச நாளில் மாமா வருவது குறைந்தது. தறி சும்மா இருக்கக் கூடாது என்று காரணம் சொன்னார். இரண்டு தெரு தள்ளி அவர் நெய்கிற சத்தம் அக்காவுக்குக் கேட்காது. ஆனாலும் கேட்பதுபோல அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் நான் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீதானடா தூக்கினு போன?"

"ஆமாக்கா."

"அவருக்குத் தறி இருக்குது. தறிக்குழில எறங்கி உக்காந்துக்கறாரு. எனக்கு எங்க போய் உக்காரணும்னு தெரியல. மூஞ்சியும் பாக்கல. எடமாவது தெரியணும்டா. மண்ணுக்குள்ள அது தனியா இருக்குது, எங்கனு கூடத் தெரியாம நான் இங்க சோறு துன்னுக்கினு இருக்கேன்."

சமையலறையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "கல்லு அடுக்கி வெச்சிருக்கேன்கா. என் கல்லு. நிக்கறது. நீ எழுந்ததும் கூட்டினு போறேன்."

பிடித்த கையை அவள் உடனே விடவில்லை. அன்றைக்குத் தட்டில் பாதி சாப்பிட்டாள். அடுத்த நாள் அம்மா சொல்லாமலே எழுந்து குளித்தாள். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. பெரியவர்கள் எல்லோரும் மறைக்கச் சொன்னதை ஒரே ஒரு கல் வைத்து நான் சரிசெய்துவிட்டதாக நினைத்தேன்.

தீட்டுக் கழிந்து அவள் வெளியே வர ஒரு மாதம் போலப் பிடிக்கும். அதுவரை கல் நிற்கிறதா என்று பார்க்க நான் போய்வந்துகொண்டிருந்தேன். முதல் தடவை அப்படியே நின்றது. தூரத்திலிருந்தே தெரிந்தது. பக்கத்தில் போகாமல் திரும்பினேன்.

இரண்டாவது தடவை போனபோது என் கல்லுக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். மஞ்சள், அதன்மேல் குங்குமம். அடியில் கற்பூரம் எரிந்த கறுப்பு. இரண்டடி தள்ளி மூன்று கல்லில் ஒரு சின்ன அடுக்கு, படுக்கவைத்தது.

யாரோ ஒருவர் வைத்திருக்கிறார், போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் எனக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்து நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மறுநாள் காலையில் அக்காவை அழைத்துப் போவதாகப் பேச்சு.

திட்டு முழுக்க வீடுகள். நூறு இருக்குமோ இருநூறு இருக்குமோ, முள்மரத்தடியிலிருந்து ஆற்றின் சரிவு வரைக்கும் கல் அடுக்குகள். பக்கத்திலிருக்கிற ஓரிக்கை மணிமண்டபத்தைப் பார்க்க வருகிறவர்கள் காற்று வாங்க ஆற்றுப்பக்கம் நடந்து வருவார்கள். வந்தவர்கள் கண்ணில் என் கல் பட்டிருக்கிறது. அந்தரத்தில் நிற்கிற மாதிரி ஒரு கல்லைப் பார்த்தால் எங்கள் ஊரில் யாரும் அது ஒரு விளையாட்டு என்றோ அடையாளம் என்றோ நினைக்கமாட்டார்கள். யாரோ வேண்டிக்கொண்டு வைத்தது, பலித்திருக்கிறது, அதனால்தான் விழாமல் நிற்கிறது. அப்படித்தான் நினைப்பார்கள். எனக்கு அது தெரியாதா? அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அத்தனை மலை ஏறியவன் நான். வைக்கும்போது அது நினைவுக்கே வரவில்லை.

என் கல்லைத் தேடினேன். நிற்கிற கல் ஒன்றுகூட இல்லை. காற்றில் விழுந்திருக்கலாம், யாராவது தொட்டுப் பார்த்துத் தள்ளியிருக்கலாம். குவியலைத் தேடினேன். அதுவும் இல்லை. கை எட்டுகிற தூரத்தில் பொறுக்கி வைத்ததுபோல ஒரு குவியல் கிடந்தால் வீடு கட்ட வருகிறவர்கள் வேறு எங்கே போய்க் கல் எடுப்பார்கள்? முள்ளைக்கூடக் குழந்தைகள் காலில் குத்தும் என்று ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். முள்மரங்கள் எல்லாம் ஒரே மாதிரி; கல்லை நம்பி நான் வேறு அடையாளம் எதையும் பார்த்து வைக்கவில்லை.

ஒரு குடும்பம் அடுக்கிக்கொண்டிருந்தது. கணவன், மனைவி, ஏழெட்டு வயதில் ஒரு பெண். நான் அங்கும் இங்கும் அலைவதைப் பார்த்து அந்த அம்மா கூப்பிட்டாள்.

"இன்னா தம்பி, உன் வீட்டக் காணோமா?"

"ஆமாங்க."

"யாராச்சும் தட்டிட்டிருப்பாங்க. புதுசா கட்டு. சித்த தள்ளிக் கட்டு, எங்க காம்பவுண்டுக்குள்ள வராத."

கணவர் சிரித்தார். "இவளுக்கு ஆத்துலயும் காம்பவுண்டு. ஊட்டுக்காரங்க வருசா வருசம் காலி பண்ணச் சொல்றாங்கல்ல, அந்த பயம்."

"இங்க யாருங்க முதல்ல வெச்சது?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"யாரோ ஒருத்தரு. ஒத்தக் கல்லுல நிக்கவெச்சாராம். அவருக்கு உடனே வீடு முடிஞ்சிடுச்சாம்பா" என்றாள் அந்த அம்மா. "மனசார வேண்டிக்கினு வெச்சிருக்காரு, அதான்."

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அலறிக்கொண்டு எழுந்து ஓடுவார்கள். குழந்தைக்கு மந்திரிப்பார்கள். நாளைக்கு இங்கே ஒரு அடுக்கு மிச்சம் இருக்காது, சிதறிக்கிடக்கும். அந்தச் சிறுமி தன் வீட்டுக்கு மூன்றாவது கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை.

இரவு அக்கா சீக்கிரம் படுத்துவிட்டாள். காலையில் எழுந்துகொள்ள வேண்டுமே என்றாள். நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஏதாவது ஒரு அடுக்கைக் காட்டி இதுதான் என்று சொல்லிவிடலாம். அவளுக்கு ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதானே. அரையடி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, யாருக்குத் தெரியப்போகிறது?

காலையில் அம்மா தடுத்துப் பார்த்தாள். "பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா கத்துவாருமா."

"கத்தட்டும்மா. வந்து கேட்டுக்கறேன்."

பெரிய காஞ்சிபுரம் வழியாகப் போகாமல் குறுக்கே போனேன். வழியில் குலுக்கல் வந்தால் வழக்கமாகத் திட்டுவாள், அன்றைக்குத் திட்டவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது தூரத்தில் சைக்கிளில் மாமா வருவது தெரிந்தது. யார் சொன்னார்களோ. நான் அக்காவிடம் சொல்லவில்லை.

திட்டுக்கு ஏறியதும் அவள் நின்றுவிட்டாள்.

"இன்னாடா இது, இத்தன இருக்குது?"

"சனங்க வந்து வெச்சிருக்காங்க. வீட்டு வேண்டுதல்."

"உன்து எது?"

முந்தின நாளே பார்த்து வைத்திருந்த ஒன்றைக் காட்டினேன். ஐந்து கல், ஒழுங்காக அடுக்கியது, முள்மரத்துக்கு நேராக இருந்தது. அக்கா அதன் எதிரில் போய் மண்டியிட்டாள். கையைக் கொண்டுபோனாள். தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பினாள்.

"உன்து நிக்கும்டா. இது படுத்துக்கினு இருக்குது."

அவள் எழுந்து அடுத்ததைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள். குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள், நிற்கிற கல்லைத் தேடி. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அக்கா, வேணாம். விழுந்துடுச்சு. குவிச்ச கல்லக்கூட எடுத்து வீடு கட்டிட்டாங்க. எனக்குத் தெரியலக்கா. இந்தத் திட்டுதான். இதுல எங்கனு தெரியல."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் இல்லை. "நாய் கிளறுச்சா?" என்றாள்.

"இல்ல. மண்ணு எங்கயும் கலையல. பாத்துட்டேன். எல்லா எடமும் பாத்துட்டேன். இத்தன பேர் வந்து போறதுல நாயே இந்தப் பக்கம் வரதில்ல."

அது பொய்யில்லை. முந்தின நாள் இருட்டுகிற வரைக்கும் நான் பார்த்தது அதைத்தான்.

அக்கா மணலில் உட்கார்ந்தாள். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு வீடுகள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் வராதது. சத்தமில்லாமல் வந்து, பிறகு சத்தமாக வந்தது. நான் பக்கத்தில் நின்றேன். கரைமேல் மாமா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை, யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். நேற்றுப் பார்த்த அதே சிறுமி அப்பாவோடு வந்தாள். நேற்று கட்டிய வீடு இருக்கிறதா என்று பார்த்தால்தான் ஸ்கூலுக்குப் போவேன் என்று அடம் பிடித்ததாக அவர் சொன்னார். சிறுமி தன் வீட்டைப் பார்த்துத் திருப்தியடைந்துவிட்டு, அழுதுகொண்டிருக்கிற அக்காவைப் பார்த்தாள். நேராகப் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, உங்க வீடு விழுந்துடுச்சா?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆமாமா."

"அழாதீங்க. கட்டிக்கலாம். எத்தன மாடி கட்டப்போறீங்க?"

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அப்பா சங்கடத்தோடு, "ஏய் வா, தொல்ல பண்ணாத" என்றார்.

"மாடி வேணாம்மா" என்றாள் அக்கா. "ஒரு ரூம் போதும். சின்னதா."

சிறுமி அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டாள். போய் இரண்டு கூழாங்கல் பொறுக்கி வந்து கொடுத்தாள். பிறகு அப்பா கூப்பிட, ஓடிவிட்டாள்.

அக்கா எழுந்து இடம் பார்த்தாள். முள்மரத்துக்கும் சரிவுக்கும் நடுவில், ஏற்கெனவே இருந்த நாலைந்து வீடுகளுக்கு மத்தியில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அங்கே உட்கார்ந்து மணலைக் கையால் சமப்படுத்தினாள். மூன்று பக்கமும் கல் வைத்தாள், ஒரு பக்கம் திறப்பு விட்டாள். கூரை போட அளவான பட்டைக்கல் வேண்டும். நான் கொண்டுவந்தது எதுவும் சரியாக உட்காரவில்லை. எட்டத்தில் கிடந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், அகலம் போதவில்லை.

மாமா கரையிலிருந்து இறங்கி வந்தார். தோளில் ஒரு பட்டைக் கருங்கல், கரைக்குப் பதித்திருந்ததில் பெயர்ந்தது. எடுக்க இரண்டு ஆள் வேண்டிய கனம், தனியாகத் தூக்கி வந்திருந்தார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மெதுவாகக் கூரையில் இறக்கினார்கள். ஆடியது. அக்கா ஒரு முனையை மயிரிழை நகர்த்தினாள். நின்றுவிட்டது. கனம் இறங்கிய நொடியை நான் அவள் முகத்தில் பார்த்தேன்.

"இங்க இல்ல, இன்னும் சித்த அந்தப் பக்கம் இருக்கும்" என்றார் மாமா மெல்ல. "எனக்கும் சரியாத் தெரியல. திரும்பிப் பாக்கக் கூடாதுனு சொன்னாங்க. நான் பாக்கல."

"பரவால்ல" என்றாள் அக்கா. "சுத்தி வீடு இருக்குது. தனியா இல்ல."

மூன்று பேரும் வெயில் ஏறுகிற வரைக்கும் அங்கேயே இருந்தோம். திரும்பும்போது அவள் என் பைக்கில் ஏறவில்லை. மாமாவின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். நான் முதல் கியரில் அவர்களுக்குப் பின்னாலேயே போனேன்.

அக்கா இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் தினம் ஆற்றுக்குப் போய் உட்காரவில்லை, பெரியப்பா பயந்தது நடக்கவில்லை. எப்போதாவது, மாமா தறியை விட்டு எழுந்த சாயங்காலங்களில், இரண்டு பேரும் போய்வருகிறார்கள். நான் இன்னமும் கல் நிறுத்துகிறேன், வேறு இடத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம். முடித்ததும் நானே கலைத்துவிட்டு வருகிறேன்.

போன மாதம் அந்தத் திட்டு வழியாக வந்தேன். அக்கா கட்டிய ஒற்றை அறையின் மேல் யாரோ இன்னொரு கல் வைத்திருந்தார்கள். அதன்மேல் இன்னொன்று. பொட்டும் இட்டிருந்தார்கள். எடுத்துப் போட்டுவிடலாம் என்று குனிந்து, பிறகு அவளிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

அவள் தறியோரம் உட்கார்ந்து இழை முடிந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். மாமா நாடாவை ஓட்டுவதை நிறுத்தினார்.

"எத்தன மாடி?" என்று கேட்டாள் அக்கா.

"ரெண்டு."

முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டு நூலை விட்டாள். "எடுக்காத. யாரோ வாடகைக்கு இருக்கறவங்களா இருப்பாங்க. மேல இருந்துக்கட்டும்."

மாமா மறுபடி நெய்ய ஆரம்பித்தார்.